கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ்: எங்கே கொண்டு போவது, பார்வை திரும்புமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார்கள், வயது 67, பல வருடமாகச் சர்க்கரை உண்டு. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் பளிச்சென்று தெரிந்த கண், நாலாம் நாள் சாயங்காலம் மங்கி, ஐந்தாம் நாள் காலையில் சிவந்து வலித்திருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டு வந்ததும் "உள்ளே கிருமி பட்டிருக்கு" என்று அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் விட்ரெக்டமி (கண்ணுக்குள் நிறைந்திருக்கும், கிருமி பட்ட கூழை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களோ மதுரைக்கு, இல்லையென்றால் சென்னைக்கு உடனே கிளம்பச் சொல்கிறார்கள். எங்கே கொண்டு போவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, பார்வை திரும்புமா என்பதும், மூன்றாம் நாளே தலைக்கு ஊற்றிக்கொள்ள விட்ட நான்தான் இதற்குக் காரணமா என்பதும்தான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தோன்றியது. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் கண் மருத்துவர். நெல்லையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருடம் புரை ஆபரேஷன் செய்தவன், பிறகு விழித்திரைப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்படிக் கிருமி பட்டு வரும் கண்களுக்கு ஊசி போட்டதும் விட்ரெக்டமி செய்ததும் என் அன்றாட வேலையில் சேர்ந்தவை. ஆனால் உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் எது எல்லோருக்கும் பொருந்தும், எது அந்தக் கண்ணைப் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அவசரமான பதில். இந்த நோயில் செய்ய வேண்டிய முதல் காரியம், சந்தேகம் வந்த அன்றைக்கே கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் ஊசி. அது நடந்துவிட்டது. சரியான வைத்தியம், சரியான நேரத்தில் நடந்திருக்கிறது. இப்போது முக்கியம், அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரம் அதே கண்களால், முடிந்தால் அதே மருத்துவரால், காலையும் மாலையும் பார்க்கப்படுவது. நேற்று எவ்வளவு சீழ் இருந்தது, இன்று எவ்வளவு என்று ஒப்பிட முடிந்தவர் அவர்தான். நடுவில் வண்டி பிடித்து மதுரைக்கு மூன்று மணி நேரம், அங்கே புதிதாகச் சீட்டுப் போட்டு, புதிதாக எல்லாம் பார்த்து, என்று ஒரு பகல் போய்விடும். நீங்கள் இருக்கும் இடத்தில் விழித்திரை சர்ஜன் இருக்கிறாரா, இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தேவைப்பட்டால் விட்ரெக்டமி செய்ய முடியுமா என்று மட்டும் நேராகக் கேளுங்கள். "இருக்கிறார், முடியும்" என்றால் அங்கேயே இருங்கள். "இல்லை" என்றால் அப்போது கிளம்புவதில் தாமதம் கூடாது. ஆனால் சென்னை வரை போகத் தேவையில்லை, நெல்லையிலேயே விழித்திரை சர்ஜன்கள் இருக்கும் பெரிய கண் மருத்துவமனைகள் உண்டு. மதுரையில் 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் 1988-லேயே இங்கே கிளை திறந்துவிட்டது. அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி பிறந்ததும் பழைய திருநெல்வேலிச் சீமையில் எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில்தான். கண்ணுக்கு வடக்கே போனால்தான் வைத்தியம் என்ற பழைய எண்ணம் இன்னும் நம் ஊர்களில் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஊசி எதற்குக் கண்ணுக்குள்ளேயே, கையில் ட்ரிப்ஸ் போட்டால் ஆகாதா என்று உங்கள் மாமா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கண்ணின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், நுங்குச் சதை மாதிரித் தெளிவான ஒரு பொருள் நிறைந்திருக்கிறது. மொத்தமே நாலு மில்லி இருக்கும். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. ரத்தத்தில் ஓடும் மருந்து சுலபமாகக் கண்ணுக்குள் புகாதபடி விழித்திரையிலேயே ஒரு தடுப்பும் இருக்கிறது. நல்ல காலத்தில் கண்ணைக் காப்பாற்றும் அந்தத் தடுப்பே கிருமி உள்ளே போய்விட்ட பிறகு நமக்கு எதிராக நிற்கிறது. கிருமிக்கு உள்ளே சாப்பாடு உண்டு, எதிர்க்க ஆள் இல்லை. சில மணி நேரத்தில் பல மடங்கு பெருகிவிடும். கிருமி விடும் நச்சும், அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் விடும் பொருட்களும் சேர்ந்து விழித்திரையை அரிக்கின்றன. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் இதில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

ஊசி போடும்போது என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய பயமாக இருந்திருக்கும். கண்ணை மரத்துப்போகச் செய்து, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விட்டுக் கழுவி, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசி இறங்கும். அந்த இடத்தில் விழித்திரை கிடையாது. முதலில் உள்ளேயிருந்து ஒன்றிரண்டு சொட்டு எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். பிறகு இரண்டு மருந்துகள்: வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம், ஒவ்வொன்றும் 0.1 மில்லியில். முதலாவது ஒரு வகைக் கிருமிகளுக்கு, இரண்டாவது சூடோமோனாஸ் போன்ற மற்ற வகைக்கு. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் திரிந்துவிடும், அதனால் தனித்தனி ஊசி. "ரெண்டு தடவை குத்தினாங்க" என்று அம்மா சொன்னது இதனால்தான், முதல் ஊசி தவறிப்போனதால் இல்லை.

அடுத்து, ஊசி போதுமா விட்ரெக்டமி வேண்டுமா என்ற கேள்வி. இதில் உறுதியான பகுதி ஒன்று, இன்னும் விவாதத்தில் உள்ள பகுதி ஒன்று. அமெரிக்காவில் 420 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1995-ல் வெளிவந்தது. புரை ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கிருமி பட்டவர்களில் பாதிப் பேருக்கு உடனே விட்ரெக்டமி, மீதிப் பேருக்கு ஊசி மட்டும். இன்றுவரை உலகமெங்கும் கண் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். வந்த அன்று முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் தெரிகிற அளவுக்காவது பார்வை இருந்தவர்களுக்கு, ஊசி மட்டும் போட்டாலும் விட்ரெக்டமி செய்தாலும் முடிவு ஒன்றுபோலவே இருந்தது. வெளிச்சம் மட்டுமே தெரிந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம்: உடனே விட்ரெக்டமி செய்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை கிடைத்தது, ஊசி மட்டும் போட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான். ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றியது கூடுதலாக ஒன்றும் தரவில்லை. உங்கள் மாமாவின் கேள்விக்கு இதுவே பதில்.

ஆகவே கேஸ் ஷீட்டில் முதல் நாள் பார்வை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அல்லது கேளுங்கள். ஹெச்.எம். என்றால் கை அசைவு தெரிந்தது, பி.எல். என்றால் வெளிச்சம் மட்டும். அம்மாவுக்கு விரல்களை எண்ண முடிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியானால், முதலில் ஊசி, பிறகு பொறுத்துப் பார்ப்பது என்ற அவர்களுடைய முடிவு அந்த ஆய்வு சொன்ன வழியே.

விவாதத்தில் உள்ள பகுதி இது. 1995-ல் இருந்த கருவிகள் வேறு. இன்று முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் வழியாக, தையலே இல்லாமல் விட்ரெக்டமி செய்கிறோம். அதனால் இன்னும் சீக்கிரமே செய்துவிடலாம் என்று ஐரோப்பாவில் பலரும் நம் நாட்டில் பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, கை அசைவு தெரிந்தாலும்கூட, விட்ரெக்டமி கொஞ்சம் கூடுதல் நன்மை தரலாம் என்று அதே பழைய ஆய்விலேயே ஒரு சாயல் தெரிந்தது. ஆனால் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை வரவில்லை. எனவே உங்கள் டாக்டர் நாளையே விட்ரெக்டமி என்றால் அவசரப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், இன்னும் ஒரு நாள் பொறுப்போம் என்றால் அலட்சியம் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி சேர்ப்பதிலும் இதே நிலைதான். வீக்கம் சீக்கிரம் வடிகிறது என்கிறார்கள் ஒரு சாரார், கடைசிப் பார்வையில் வித்தியாசம் இல்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். பூஞ்சை என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்டீராய்டைத் தள்ளி வைப்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ரத்தம் வழியாகக் கண்ணுக்குள் ஓரளவு போகிறது, அதனால் பலர் கொடுக்கிறோம். எவ்வளவு உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடையாது.

அடுத்த இரண்டு நாளில் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் உங்கள் பதற்றம் கொஞ்சம் குறையும். வலி குறைகிறதா என்பது முதல் அடையாளம். கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகத் தேங்கி நிற்கும் சீழின் மட்டம் இறங்குகிறதா, டார்ச் அடித்தால் பாப்பாவில் (கருவிழி நடுவில் தெரியும் கறுப்புத் துளையில்) சிவப்பு ஒளி திரும்பத் தெரிகிறதா, ஸ்கேனில் உள்ளே கலங்கல் கூடுகிறதா குறைகிறதா என்பவை அடுத்தவை. முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் கண் பார்வைக்குக் கொஞ்சம் மோசமாகத் தெரிவதுண்டு. செத்த கிருமிகளுக்கு எதிராகவும் கண் வீங்கும். அதை மட்டும் பார்த்து ஊசி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், பார்வை கை அசைவிலிருந்து வெளிச்சத்துக்கு இறங்கினால், மறு ஊசியோ விட்ரெக்டமியோ தள்ளிப்போடக் கூடாது. இமை தடித்து மூடிக்கொண்டு, கண் வெளியே பிதுங்கி, காய்ச்சலும் வந்தால் அது வேறு கட்டம். கிருமி கண்ணைச் சுற்றியுள்ள சதைக்கும் போய்விட்டது என்று பொருள். அப்போது நரம்பு ஊசியும் கட்டாயம் வேண்டும்.

கல்ச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கண்களில் கல்ச்சரில் எதுவும் வளராது. "ஒன்றும் வரவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் கிருமியே இல்லை என்று அர்த்தமாகாது, வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. பூஞ்சை வளர இரண்டு வாரம்கூட ஆகலாம். வயல் வேலையும் தூசியும் நிறைந்த நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணிலேயே பூஞ்சை அதிகம், அதனால் இங்கே யாரும் அதை மறப்பதில்லை. ஆபரேஷன் ஆன மறுநாளே, அதிக வலி இல்லாமல், கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை வெளுத்துப் போயிருந்தால் அது கிருமியே இல்லாத, ஆபரேஷனில் உள்ளே போன ஏதோ ஒரு பொருளுக்கான எதிர்வினையாக இருக்கலாம், ஸ்டீராய்டு சொட்டிலேயே தெளியும். உங்கள் அம்மாவுக்கு மூன்று நாள் நன்றாகத் தெரிந்து பிறகு மங்கியதால் அந்தச் சாத்தியம் குறைவு.

இனி, பார்வை திரும்புமா. முன்பு சொன்ன ஆய்வில், எல்லாரையும் சேர்த்து, வருடக் கடைசியில் 53 சதவீதம் பேருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. தினசரி படிக்கவும் பஸ் போர்டு பார்க்கவும் அது போதும். 74 சதவீதம் பேருக்கு 6/30 வரையாவது கிடைத்தது. இந்த எண்களை அப்படியே உங்கள் அம்மாவுக்குப் பொருத்திவிட என்னால் முடியாது. அங்கே பெரும்பான்மை, தோலிலும் இமையிலும் சாதாரணமாக வாழும் வீரியம் குறைந்த ஸ்டஃபிலோகாக்கஸ் வகை. நம் நாட்டில் சூடோமோனாஸ் போன்ற கடுமையான வகைகளும் பூஞ்சையும் கூடுதல் பங்கு எடுக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று ரிப்போர்ட் வந்தால் நல்ல நம்பிக்கை வைக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சூடோமோனாஸ் என்றால் நான் என் நோயாளியின் குடும்பத்திடம் கவனமாகவே பேசுவேன், உங்களிடமும் அப்படியே. கண்ணையே இழப்பது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் விரல் எண்ணும் நிலையில் வந்து, வந்த அன்றே ஊசி போடப்பட்ட கண் என்பதால், பட்டியலில் நல்ல பக்கத்தில்தான் இப்போது நிற்கிறார்கள். பார்வை ஒரே வாரத்தில் வராது. சீழ் வடிந்த பிறகும் உள்ளே மிதக்கும் கலங்கல் தெளிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். முதல் மாதத்துப் பார்வையை வைத்து மனம் உடைந்துவிடாதீர்கள்.

தலைக்கு ஊற்றியதற்கு வருகிறேன். ஆபரேஷன் ஆன கண்ணில் சில நாள் தண்ணீர் படக் கூடாது என்று நாங்கள் சொல்வது உண்மையான காரணத்தோடுதான், அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆற்றுத் தண்ணீரும் குற்றாலத்து அருவியும் ஆறாத காயத்துக்கு நல்லதில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஊற்றி நாலாம் நாள் மங்கியது என்பதால் அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பெரும்பாலான கண்களில் உள்ளே போகும் கிருமி நோயாளியின் சொந்த இமை ஓரத்திலும் கண்சவ்விலும் ஏற்கெனவே குடியிருந்தது, போகும் நேரமும் ஆபரேஷன் மேஜையிலோ அதன் பின் முதல் சில நாளிலோதான். ஆபரேஷனில் லென்ஸ் உறை கிழிந்திருந்தாலோ, காயம் சரியாக மூடாமல் கசிந்தாலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, கண்ணீர்ப் பையில் பழைய சீழ் இருந்தாலோ அபாயம் கூடும். முகாமுக்குப் போனால் "சுகர் பாத்தாச்சா, பிரஷர் பாத்தாச்சா, டக்ட் பாத்தாச்சா" என்று வரிசையில் நிறுத்திக் கேட்பார்களே, அந்த டக்ட் (கண்ணீர்க் குழாய்) பரிசோதனை கடைசியாகச் சொன்னதற்குத்தான். உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள இதில் இடமில்லை. அம்மாவின் முன்னால் அதைப் பற்றிப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். "எம்புள்ளை தண்ணி ஊத்திவிட்டதாலதான்" என்று அவர்களும் நினைக்க ஆரம்பித்தால், அடுத்த முறை வலித்தால் உங்களுக்காக மறைப்பார்கள்.

மருத்துவமனையின் தப்பா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் இது முழுக்கப் பூஜ்யத்துக்கு இறங்கியதில்லை. ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டு மூன்று நிமிடம் காத்திருப்பது, முடிக்கும்போது கண்ணுக்குள்ளே மாக்சிஃப்ளாக்சசின் வைப்பது, இரண்டும் இன்று பலன் நிரூபிக்கப்பட்ட தடுப்புகள். அரவிந்த் மருத்துவமனைகளில் சுமார் 20 லட்சம் ஆபரேஷன்களைக் கணக்கிட்டபோது, அந்த மருந்து வைக்காத காலத்தில் பத்தாயிரத்துக்கு ஏழு என்றிருந்த கிருமித் தொற்று, வைத்த பிறகு பத்தாயிரத்துக்கு இரண்டாக இறங்கியது. இரண்டு பேர் மிச்சம் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராக உங்கள் அம்மா இருக்கலாம். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அதே நாளில், அதே தியேட்டரில் ஆபரேஷன் ஆன வேறு யாருக்காவது இப்படி ஆனதா? ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தால் கண் கழுவும் திரவத்திலோ கருவியிலோ குழாயிலோ கோளாறு இருக்க வாய்ப்புண்டு. தியேட்டரை மூடிச் சோதிக்க வேண்டும், மற்ற நோயாளிகளை உடனே வரவழைக்க வேண்டும். இது பழி தீர்க்கும் விஷயமாக இல்லாமல், மற்றவர்களின் கண்ணைக் காப்பாற்றும் விஷயமாக நினைத்து ஆபரேஷன் செய்த இடத்துக்கு இன்றே போனில் சொல்லுங்கள். கேஸ் ரிக்கார்டுகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவ கவுன்சில் விதி. எங்கே வைத்தியம் தொடர்ந்தாலும் அது உதவும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் ஆதங்கமான ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்களைப் போலவே இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. நம் ஊர்ப் பக்கம் இந்த நோயில் கண் போவதற்கு மருந்து இல்லாதது காரணமாக இருப்பது குறைவு, நேரம் போனதுதான் அதிகம். "ஆபரேஷன் பண்ணுன கண்ணு வலிக்கத்தானே செய்யும்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். செவ்வாய்க்கிழமைதான் செக்கப் சீட்டு, அதுவரை பொறுப்போம் என்பார்கள். முக்கூடல் பக்கத்து ஆச்சிமார் மூன்றாம் நாளே பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், கண் உறுத்தினால் தூசி என்று நினைத்துக்கொள்வார்கள். மகனுக்கு லீவு போட வைக்க வேண்டாம் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். இன்றைய புரை ஆபரேஷனில் நாளுக்கு நாள் கண் தெளிய வேண்டும், உறுத்தல் குறைய வேண்டும். தெளிந்த கண் மறுபடி மங்கினால் அது இயல்பு இல்லை. வலியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது, அந்த 420 பேரில் நாலில் ஒருவருக்கு வலியே இல்லை. மங்கல்தான் மிக நம்பகமான மணி. ஆபரேஷன் செய்த கண்ணால் எதிரிலிருக்கும் காலண்டர் தேதி தெரிகிறதா என்று தினமும் காலையில் மற்ற கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னாலே போதும், நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், கிளம்ப வேண்டும். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் ஆபரேஷன் ஆன கண்ணில் கூடவே கூடாது. அவற்றில் கிருமி உண்டு. அதைவிட, ஒரு ராத்திரியைத் தின்றுவிடும்.

அம்மாவுக்கு வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சொட்டு மருந்து மணிக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு ஒரு தடவைதான், ராத்திரியும். முதல் இரண்டு நாள் முறை போட்டு விழித்திருங்கள். விடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாட்டில் மூக்கு இமையில் படக் கூடாது, இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறும், வீட்டில் மெஷின் இருந்தால் தினமும் பார்த்து அவர்களுடைய சுகர் டாக்டருக்குத் தெரிவியுங்கள். இது மெட்ராஸ் ஐ இல்லை, பேரப் பிள்ளைகளுக்கு ஒட்டாது, மடியில் உட்காரலாம், ஆனால் கண்ணில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் வழியாக இடது கண்ணுக்கும் பரவிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கண் தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மாதங்கள் கழித்துக்கூட, மின்னல் மாதிரி வெளிச்சம் தெறித்தாலோ, கறுப்புத் திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ விழித்திரை விலகியிருக்கலாம். கிருமி பட்ட கண்ணில் அந்த அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல், உடனே காட்ட வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் நாளைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், விட்ரெக்டமி தேவைப்பட்டால் கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிடலாம். இடது கண்ணிலும் புரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போது யாரும் தொடப் போவதில்லை. வலது கண் முழுக்க அடங்கி, என்ன கிருமி என்று தெரிந்து, இமை ஓரமும் டக்டும் சர்க்கரையும் மறுபடி பார்த்த பிறகே யோசிப்பார்கள். நாளை மறுநாள் பார்த்த பிறகு மூன்று விஷயம் எழுதுங்கள்: அன்றைய பார்வை அளவு, சீழ் மட்டம் குறைந்ததா, கல்ச்சரில் என்ன வந்தது. அவை கையில் இருந்தால் இன்று பொதுவாகச் சொன்ன சிலவற்றை இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.